புகையை விரட்ட வந்தவர்

மலைமேல் ஓர் ஊரில் ஒரு தகரக் கூரை வீடு இருந்தது. அந்த வீட்டுக் கூடத்தின் மூலையில் ஓர் இரும்பு அடுப்பு. முன்பக்கம் ஒரு சின்னக் கதவு. அடுப்பின் தலையிலிருந்து கிளம்பி, கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் ஒரு புகைக்குழாய். எதிர்ச் சுவரில் ஒரு மர ஜன்னல்.

அந்த ஜன்னல் என்றைக்கும் முழுசாக மூடினதில்லை. மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, கட்டை கோணிப்போய், கீழே ஒரு விரலளவு சந்து விழுந்திருந்தது. அந்தச் சந்து வழியாகக் கொஞ்சம் குளிர்காற்று வரும். வந்த காற்று தரையோடு தரையாக நடந்து அடுப்புக்குள் போகும். உள்ளே இருக்கும் புகையின் கையைப் பிடித்துக் குழாய் வழியாக மேலே கூட்டிக்கொண்டு போய்விடும். இப்படியே இருபது வருஷம் நடந்தது. யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. சொல்லவேண்டிய விஷயம் ஒன்று நடக்கிறது என்று யாருக்கும் தெரியவும் இல்லை.

வீட்டுக்காரியின் பெயர் லீதியாள். மூன்று பிள்ளைகளை வளர்த்து மூன்று ஊருக்கு அனுப்பிவிட்டவள். அடுப்புக்கு விறகு போடுவதில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. குழாயின் கழுத்தில் உள்ள தகட்டைத் திருப்பி முதலில் வழியை நன்றாகத் திறந்துவிடுவாள். பிறகு கைப்பிடியைத் துணியால் பிடித்து அடுப்புக் கதவை விரலளவு திறப்பாள். அப்படியே நின்று கண்ணை மூடிக்கொள்வாள்.

"கர்த்தாவே, என் ஜெயசீலியைப் பார்த்துக்கொள்ளும். என் சாலமோனுக்கு நல்ல புத்தி கொடும். என் பியூலா ஒழுங்காகச் சாப்பிட வேண்டும்."

மூன்று பேரையும் ஒப்புக்கொடுத்த பிறகுதான் கதவை முழுசாகத் திறந்து விறகை வைப்பாள். அதற்குள் உள்ளே தங்கியிருந்த புகையெல்லாம் மேலே போயிருக்கும். கூடத்துக்குள் ஓர் இழைகூட வராது.

அவள் புகைக்காக நிற்கவில்லை, பிள்ளைகளுக்காக நின்றாள். புகைக்கு அந்த நேரம் போதுமானதாக இருந்தது.

பிறகு வீட்டுக்காரர் பாக்கியநாதன் ரிட்டயர் ஆனார்.

தேயிலை ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் மெஷின்களை மேய்த்தவர். வீட்டில் மேய்க்க ஒரு மெஷினும் இல்லை. முதல் வாரம் சும்மா இருந்தார். இரண்டாம் வாரம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் வாரம் அவர் கண்ணில் ஜன்னல் சந்து பட்டது.

"லீதி, இந்த வீட்ல ஏன் சூடு நிக்கலைங்கிறதைக் கண்டுபிடிச்சிட்டேன்."

"ஏனாம்?"

"இந்த ஓட்டைதான். இருபது வருஷமா விறகு வாங்கி இந்த ஊரையே சூடாக்கிட்டு இருந்திருக்கோம்."

"இதுவரைக்கும் நாம நல்லாத்தானேங்க இருந்தோம்."

"நல்லா இருந்தோம்னு நீ நெனச்சிட்டு இருந்தே."

அன்றைக்கே டவுனுக்குப் போய் ரப்பர் பட்டை வாங்கிவந்தார். ஜன்னலைச் சீவி நேராக்கி, சுற்றிலும் ரப்பரை ஒட்டினார். வாசல் கதவின் அடியிலும் ஒட்டினார். கடைக்காரன் இவர் பேச்சைக் கேட்டதுமே ஆளை எடைபோட்டு, "அடுப்பு இருக்கிற வீடா சார்? அப்ப இது இல்லாம எப்படி?" என்று ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனையும் கட்டிக் கொடுத்திருந்தான். அது ஜன்னலுக்கு மேலே, சுவரில் துளை போட்டுப் பொருத்தப்பட்டது.

ஃபேன் கூடத்தை ஒரு பார்வை பார்த்தது.

"இனி இந்த அறையின் சுத்தம் என் பொறுப்பு," என்றது. "எங்கே அந்தப் புகை?"

"மேல போயிடுச்சுங்க," என்றது அடுப்பு.

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கிறதில்லைங்க. எப்பவும் குழாய் வழியாத்தான் போகும்."

"இப்படித்தான் எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று எனக்கல்லவா தெரியும்!"

ஜன்னலுக்கு அன்றைக்குப் புதுச்சேலை கட்டின மிதப்பு. ரப்பர் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே சொன்னது: "ஊசி நுழையிற அளவு காத்துகூட இனிமே என்னைத் தாண்டாது. இத்தனை வருஷமா கண்டவனெல்லாம் என் காலடியில புகுந்து போனான். இப்பத்தான் எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கு."

"உங்களைப் போன்றவர்கள் இருந்தால்தான் என்னைப் போன்றவர்கள் வேலை செய்ய முடியும்," என்றது ஃபேன்.

இரண்டும் அந்த நிமிஷமே சிநேகமாகிவிட்டன.

சாயங்காலம் விறகு போடும் நேரம் வந்தது. லீதியாள் வழக்கம்போலத் துணியை எடுத்துக்கொண்டு வந்தாள். பாக்கியநாதன் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடிட்டு நிக்கிறே பாரு, அதுலயே பாதி சூடு போயிடுது. ஜெபத்தை அந்தப் பக்கம் உக்காந்து பண்ணு. இங்க பாரு. சட்டுனு திறக்கணும், சட்டுனு போடணும், சட்டுனு மூடணும்."

தகட்டைத் தொடவில்லை. ஃபேன் சுவிட்சைப் போட்டார். அடுப்புக் கதவைப் படாரென்று திறந்தார்.

குப்பென்று ஒரு கறுப்பு மூட்டை அவர் முகத்தில் வந்து விழுந்தது.

கூடம் நிறையப் புகை. லீதியாளுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பாக்கியநாதன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஃபேனை அண்ணாந்து பார்த்தார். அது விர்ரென்று சுற்றிப் புகையை வாரி வாரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"பாத்தியா லீதி! இது மட்டும் இல்லேன்னா இன்னைக்கு நம்ம கதி என்ன?"

"நல்லவேளை, வந்து சேர்ந்தேன்," என்றது ஃபேன்.

"அடுத்த ரவுண்டுக்கு வேகத்தைக் கூட்டி வைக்கிறேன்," என்றார் பாக்கியநாதன். வேகத்தைக் கூட்டினார். அடுத்த தடவை இன்னும் அதிகமாகப் புகை வந்தது. ஃபேனின் புகழும் இன்னும் அதிகமாயிற்று.

இரண்டே வாரத்தில் ஃபேனின் இறக்கைகளில் கரி அடை அடையாக ஒட்டியது. பாக்கியநாதன் ஸ்டூல் போட்டு ஏறி, பழைய பனியனால் அதைத் துடைத்து, கறுத்த பனியனை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் விரித்துக் காட்டினார். "இவ்வளவும் நம்ம நெஞ்சுக்குள்ள போயிருக்க வேண்டியது!" ஃபேன் அடக்கமாக இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டது.

எல்லாரும் சேர்ந்து புகையைப் பிடித்துத் திட்டினார்கள். புகை பாவம், கூடத்தின் நடுவே எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

"நான் மேலதான் போயிட்டு இருந்தேன்," என்றது. "பாதி வழியில யாரோ காலைப் பிடிச்சு இழுத்தாங்க. திரும்பிப் பாத்தா இங்க நிக்கிறேன்."

"பிடிபட்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள்," என்றது ஃபேன்.

குழாய் அடுப்பிடம் மெதுவாகச் சொன்னது: "அண்ணே, எனக்கு ஒண்ணும் புரியலை. இத்தனை வருஷத்துல என் தொண்டைக்குள்ள இருந்து மேல போனவங்களைத்தான் பாத்திருக்கேன். இப்ப வெளிக்காத்து மேல இருந்து கீழ இறங்குது."

அடுப்பு யோசித்தது. இரும்புக்கு யோசிக்க நேரம் ஆகும். ஆனால் ஒருமுறை சூடு பிடித்துவிட்டால் சீக்கிரத்தில் விடாது.

"தம்பி," என்று ஃபேனைக் கூப்பிட்டது. "நீ நல்ல எண்ணத்துலதான் சுத்துறே, இல்லேங்கலை. ஆனா ஒண்ணு கேக்குறேன். நீ இந்தக் கூடத்துக் காத்தை வெளிய தள்ளுறே. தள்ளுன இடத்துக்கு வேற காத்து வரணுமா இல்லையா? ஜன்னலம்மா விடமாட்டேங்கிறாங்க. வாசக்கதவுக்கும் ரப்பர் போட்டாச்சு. மிச்சம் இருக்கிற ஒரே ஓட்டை நம்ம குழாய்தான். அது வழியா இறங்குற காத்து, என் வயித்துக்குள்ள இருக்கிற புகையையும் சேத்து அள்ளிட்டு வருது. நீ விரட்டுறது நீயே கூப்பிட்டதைத்தான் தம்பி."



ஃபேன் சிரித்தது. "சரி, நேராகவே பேசலாம். இந்த வீட்டில் புகையை வயிற்றில் வைத்திருப்பது யார்?"

"நான்தான்."

"அதை வெளியே தள்ளுவது யார்?"

"நீதான்."

"பிறகு என்ன விளக்கம்? உடம்பெல்லாம் கரி பூசிக்கொண்டு என்னிடம் சுத்தத்தைப் பற்றிப் பேசுகிறாய்!"

"அப்படிக் கேளுங்க," என்றது ஜன்னல், ரப்பர் கிறீச்சிட.

"ஜன்னலம்மா, ஒரே ஒரு விரலளவு வழி விடேன்," என்று அடுப்பு கெஞ்சியது.

"வழியா? எனக்கு இருந்த வழியெல்லாம் குறைன்னு சொல்லித்தானே சரி பண்ணியிருக்காங்க! திரும்ப என்னை ஓட்டைக்காரியா ஆக்கப் பாக்குறியா?"



வியாழக்கிழமை லீதியாள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். குளோரியக்கா தலைமையில் ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேருக்காகவும் அடுப்பை நன்றாக எரியவிட வேண்டும் என்று பாக்கியநாதன் தாமே வந்து, ஃபேனை முழுவேகத்தில் வைத்து, கதவைப் படாரென்று திறந்தார். ஸ்தோத்திரம் சொல்லத் திறந்த ஏழு வாய்க்குள்ளும் புகை போனது.

"லீதியா," என்றாள் குளோரியக்கா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சோதோம் எரிஞ்சப்பகூட இவ்வளவு புகை வந்திருக்காதுடி."

"அடுப்புக்கு வயசாயிடுச்சு சிஸ்டர்," என்றார் பாக்கியநாதன். "ஃபேனும் எவ்வளவுதான் தாங்கும்? சனிக்கிழமை காலையில இஸ்மாயில் பாயை வரச்சொல்லியிருக்கேன். பழைய இரும்புக்கு எடுத்துக்குவார். கரண்ட் ஹீட்டர் வாங்கிரலாம்."

லீதியாள் இருமலை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அவளிடம் இதை அவர் சொல்லவே இல்லை.

எல்லாரும் போன பிறகு கேட்டாள்: "என்னங்க, அடுப்பைக் கொடுத்துத்தான் ஆகணுமா?"

"உனக்கு மூச்சு வாங்குறதைப் பாத்தும் வெச்சிருக்கச் சொல்றியா?"

"அதை எடுத்துட்டா நான் எங்க நின்னு..."

"எங்க நின்னு என்ன?"

"ஒண்ணுமில்லைங்க."

அவள் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். அவள் முடிக்காத பேச்சு அடுப்புக்குக் கேட்டது. மூன்று வாரமாக ஜெயசீலி பெயரையும் சாலமோன் பெயரையும் பியூலா பெயரையும் யாரும் தன் முன்னால் நின்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை ஃபேன் ஒரு சிறிய உரை நிகழ்த்தியது.

"நாளை நம்மைப் பிரிந்து போகிறவரைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் கெட்டவர் அல்ல. பழையவர், அவ்வளவுதான். அவரால் வந்த தொல்லையை நான் ஒரு பொழுதும் பெரிதுபடுத்தியதில்லை. அவர் போகும் இடத்தில் நன்றாக உருகட்டும்."

ஜன்னலுக்கு நெஞ்சு உருகியது. "எவ்வளவு பெருந்தன்மை!" என்றது.

"அண்ணே, உன்னைத் தூக்குனா என்னையும் பிடுங்கிருவாங்களா?" என்று குழாய் கேட்டது.

"பிடுங்குவாங்கடா. பயப்படாதே, சேந்தேதான் போவோம்," என்றது அடுப்பு.

சனிக்கிழமை விடிந்தது. மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாள் அது. காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. "இன்றோடு இந்த வீட்டில்..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்த ஃபேன், வாக்கியத்தை முடிக்காமலே நின்றுபோயிற்று.

வெளியே சாரல். இஸ்மாயில் பாயின் வண்டியைக் காணோம். பாக்கியநாதனுக்கு எதற்கும் நேரம் தவறக் கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஜன்னலைத் தள்ளித் தெருவைப் பார்த்தார். ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொண்டதால் ஒவ்வொரு தடவையும் பலமாகத் தள்ளித் திறக்க வேண்டியிருந்தது. நான்காவது தடவை, "சே!" என்று அலுத்துக்கொண்டு ஜன்னலை மூடாமல் விரலளவு திறந்தே விட்டுவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயோ, என் மரியாதை!" என்றது ஜன்னல். கேட்பார் இல்லை.

வீடு குளிர்ந்தது. அடுப்பில் காலையில் போட்ட கட்டை கங்காகிக் கிடந்தது.

"பாய் வர்ற வரைக்கும் ஒரு கட்டை வெக்கட்டுமா?" என்றாள் லீதியாள். "கடைசியா ஒரு தடவை."

"சூடா இருந்தா அவர் எப்படித் தூக்குவார்?"

"ஒரே ஒரு கட்டைங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. லீதியாள் எழுந்து போனாள். தகட்டைத் திருப்பினாள். துணியால் கைப்பிடியைப் பிடித்து, கதவை விரலளவு திறந்தாள். கண்ணை மூடினாள்.

ஜன்னலுக்கு அடியில் நுழைந்த குளிர்காற்று தரையோடு நடந்துவந்தது. மூன்று வாரம் கழித்து வந்தாலும் அதற்கு வழி மறக்கவில்லை.

"வா," என்றது புகையிடம். "எவ்வளவு நேரம் காக்கவெச்சிட்டாங்க!"

"போலாமா? யாரும் காலைப் பிடிச்சு இழுக்கமாட்டாங்களே?" என்றது புகை.

"யாரும் இல்லை. வா."

குழாய்க்குள் ஹோவென்று ஒரு சத்தம். லீதியாள் பியூலாவின் சாப்பாட்டுக்கு வந்து முடித்தபோது அடுப்புக்குள் கங்கு பளிச்சென்று சிவந்திருந்தது. கதவை முழுசாகத் திறந்தாள். கற்பூர மரக் கட்டை ஒன்றை வைத்தாள். மூடினாள்.

ஓர் இழை வரவில்லை.

பாக்கியநாதன் மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தார். பிறகு சந்தேகத்தோடு அடுப்பைப் பார்த்தார். அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

இஸ்மாயில் பாய் நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். நேரே அடுப்புக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

"அல்லாவே, என்ன சுகமா இருக்கு! இதையாய்யா கொடுக்கிறீங்க?"

"புகையுது பாய். வீட்ல இருக்க முடியலை."

"எங்க புகையுது?"

"இருங்க, காட்டுறேன்." பாக்கியநாதன் எழுந்து அடுப்புக் கதவைத் திறந்தார். புகை வரவில்லை. இன்னும் அகலமாகத் திறந்தார். புகை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஆள் வந்திருக்குன்னதும் நடிக்குது," என்றார் பாக்கியநாதன்.

"அடுப்பா?"

"ஆமா. நேத்துப் பாத்திருக்கணும் நீங்க."

அடுப்புக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தன்னைத் தூக்கிப்போக வந்த ஆள் முன்னால் நிற்கும்போது எப்படிச் சிரிக்கும்?

"சரி, நெருப்பு அணையட்டும். உக்காருங்க பாய். ஒரே குளிரு," என்று பாக்கியநாதன் போய் ஜன்னலை இழுத்து மூடினார். ரப்பர் பச்சென்று ஒட்டிக்கொண்டது. அதே சமயம் கரண்டும் வந்தது. அணைக்காமல் விட்டிருந்த ஃபேன் முழுவேகத்தில் உயிர்பெற்றது.

"...என் கடமை நிறைவேறுகிறது!" என்று காலையில் விட்ட வாக்கியத்தை முடித்தது.

பாதி குழாய் ஏறியிருந்த புகை, "ஐயோ, திரும்பவும் காலைப் பிடிக்கிறாங்களே!" என்று அலறிக்கொண்டே கீழே வந்தது. திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்துக்குள் கொட்டியது. லீதியாள் இரும ஆரம்பித்தாள்.

"பாத்தீங்களா பாய், பாத்தீங்களா!" என்றார் பாக்கியநாதன், ஏதோ ஜெயித்தவர்போல.

இஸ்மாயில் பாய் அடுப்பைப் பார்க்கவில்லை. ஃபேனைப் பார்த்தார். "ஐயா, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க."

பாக்கியநாதன் நிறுத்தினார். புகை தயங்கி நின்றது. பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டு அடுப்புக்குள் திரும்பி மேலே ஏறியது.

"இப்பப் போடுங்க."

போட்டார். புகை வந்தது.

"நிறுத்துங்க."

நிறுத்தினார். போனது.

நான்காவது தடவை பாயே போய் சுவிட்சைப் போட்டு, தாமே நிறுத்தினார். அவருக்கு வேடிக்கையாக இருந்தது. பாக்கியநாதனுக்கு அப்படி இல்லை. முப்பத்திரண்டு வருஷம் மெஷினை மேய்த்தவர் முகம் கரி பூசாமலே கறுத்திருந்தது.

"எதை எடைக்குப் போடணும்னு யோசிச்சுச் சொல்லுங்கய்யா," என்றார் பாய். "அடுப்பையா, அதையா? அதுன்னா எனக்கு வேண்டாம். பிளாஸ்டிக். ஒண்ணும் தேறாது."

ஃபேனின் மூன்று இறக்கைகளும் அப்படியே நின்றன.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு," என்றார் பாக்கியநாதன். "கடைக்காரன்தான்..."

அவர் எதையோ சொல்லிக்கொண்டே போனார். லீதியாள் ஜன்னலுக்குப் போனாள். அதைத் தள்ளித் திறந்து, ஒரு விறகுச் சிம்பை எடுத்து அதன் அடியில் செருகினாள், இனி மூட முடியாதபடி. "இதுக்குத்தானா நான் புதுசு கட்டினேன்," என்று ஜன்னல் முனகியது. பிறகு லீதியாள் சமையல்கட்டுக்குப் போய் மூன்று டம்ளரில் டீ போட்டுக் கொண்டுவந்தாள். பாய் அடுப்போரமாக நின்று குடித்துவிட்டு வெறும் வண்டியோடு போனார்.

"அண்ணே, நாம இங்கதானா?" என்றது குழாய்.

"இங்கதான்டா," என்றது அடுப்பு.

அடுத்த வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குக் குளோரியக்கா இரண்டு கைக்குட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டும் தேவைப்படவில்லை. லீதியாள் அடுப்பருகே விரலளவு கதவைத் திறந்துகொண்டு கண்ணை மூடி நின்றாள். குளோரியக்கா கூடத்தைச் சுற்றிப் பார்த்து, மூக்கை உறிஞ்சிப் பார்த்து, கடைசியில் சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

"அட, புகையே இல்லையே! அந்த ஃபேன் நல்லா வேலை செய்யுது போல."

பாக்கியநாதன் வாயைத் திறந்தார். யோசித்தார். "ம்" என்று சொல்லி மூடிக்கொண்டார்.

ஃபேனை யாரும் கழற்றவில்லை. கழற்றினால் சுவரில் ஓட்டை இருக்கும், அதனால் விட்டுவிட்டார்கள். அது சுற்றி இரண்டு வருஷம் ஆகிறது. அதன் வெளிப்பக்கத் தகடுகளில் மலைக்காற்று மோதும்போது மட்டும் "டக், டக்" என்று ஒரு சத்தம் வரும்.

இன்றைக்கும் அந்த வீட்டுக்கு யாராவது வந்து, "புகையே இல்லையே!" என்று சொன்னால், முதலில் தொண்டையைச் செருமுவது அதுதான்.